முதல்முறை சுட வருபவர் கையில் எந்தத் துப்பாக்கியைக் கொடுப்பது?

ஒரு வருடமாக நீங்கள் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய்வருகிறீர்கள். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத மனைவி, மைத்துனர், அலுவலக நண்பர் மூவரையும் அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு போகிறீர்கள், அவர்களுக்கு 9 மி.மீ. பிஸ்டலில் தொடங்கலாமா, அதைவிடச் சிறிய .22 தோட்டா போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் "ஒருமுறை வந்துவிட்டு மறுபடி வரவே மாட்டேன் என்று சொல்லிவிடக் கூடாது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். சுருக்கமாகச் சொன்னால் 9 மி.மீ. வேண்டாம். காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைஃபிள் கிடைத்தால் அது, கிடைக்காவிட்டால் .22 ரைஃபிள். பிஸ்டலை அடுத்த முறைக்குத் தள்ளிப்போடுங்கள். பல வருடங்களாகப் புதியவர்களுக்கு ரைஃபிளும் பிஸ்டலும் சொல்லிக்கொடுத்து வருகிறேன், அந்தப் பழக்கத்திலிருந்துதான் இதைச் சொல்கிறேன். பறக்கும் தட்டைச் சுடும் ஷாட்கன் எனக்கு அவ்வளவு பழக்கமில்லாத துறை, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை. லைசென்ஸ், வயது வரம்பு எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும், அதை ரேஞ்சில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாளிலேயே ஒட்டிக்கொள்கிற ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. வெடிக்கப் போகிறது என்று தெரிந்தவுடன் உடம்பு முன்கூட்டியே இறுகிக்கொள்ளும். கண் மூடும், தோள் முன்னால் தள்ளும், மணிக்கட்டு கீழே அமுங்கும், குண்டு இலக்குக்குக் கீழே எங்கேயோ போய் விழும். ரேஞ்சில் இதை ஃப்ளிஞ்ச் என்பார்கள். இதில் கோழைத்தனம் எதுவும் இல்லை, முகத்துக்கு எதிரே பெரிய சத்தம் வந்தால் யாருடைய உடம்பும் செய்கிற காரியம்தான். சிக்கல் என்னவென்றால், குண்டு குழலை விட்டு வெளியேறிய பிறகுதான் பின்னுதையின் பெரும்பகுதியை நாம் உணர்கிறோம், ஆகவே உதை குறியைக் கெடுப்பதில்லை, உதை வரப்போகிறதே என்ற எதிர்பார்ப்புதான் கெடுக்கிறது. அந்த எதிர்பார்ப்பை முதல் நாளே பத்துத் தடவை பயமுறுத்தி உள்ளே ஏற்றிவிட்டால், இறக்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும். நல்ல உடல்வலு உள்ளவர்கள்கூட இதில் மாட்டிக்கொண்டு தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே முதல் நாளில் நான் எடுக்கிற முடிவுகளில் பெரும்பாலானவை, துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது உட்பட, ஃப்ளிஞ்ச் வராமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான்.

அந்தக் கணக்கில் ஏர் ரைஃபிளை மிஞ்ச ஒன்றுமில்லை. 4.5 மி.மீ. பெல்லட் (ஏர் ரைஃபிளின் சின்னக் குண்டு), 10 மீட்டர் தூரம், ஒலியைவிட மெதுவாகப் போவதால் காதைப் பிளக்கும் வெடிச்சத்தம் கிடையாது, உதையும் அநேகமாக இல்லை. "அது சின்னப் பிள்ளைகள் விளையாடுவது" என்று மைத்துனர் முகம் சுளித்தால், 1984 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிற போட்டி அது என்றும், அதில் பத்துப் புள்ளிக்கான வட்டத்தின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர் என்றும் சொல்லுங்கள், வாயை மூடிக்கொள்வார். அதற்காக அது ஆபத்தில்லாதது என்று அர்த்தமில்லை, கண் போக ஒரு பெல்லட் போதும், எல்லா விதிகளும் அதற்கும் உண்டு. குழலை மடக்கி ஏற்றுகிற ஸ்பிரிங் வகையாக இருந்தால், பெல்லட் வைக்கும்போது ஒரு கையால் குழலைப் பிடித்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள், நழுவினால் படாரென்று மூடி விரலை நசுக்கிவிடும்.

.22 என்பது 5.6 மி.மீ. தோட்டா. அதன் முனையிலிருந்து பறக்கிற குண்டு சுமார் 2.6 கிராம், 9 மி.மீ. பிஸ்டல் குண்டு சாதாரணமாக 7.5 முதல் 8 கிராம் வரை. சில கிலோ எடையுள்ள ரைஃபிளில் அந்த 2.6 கிராம் தருகிற உதை தோளில் லேசாகத் தட்டுவது மாதிரிதான் இருக்கும். பிஸ்டலைவிட ரைஃபிளை முதலில் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது ஃப்ளிஞ்சைவிட முக்கியம். புதியவர் நடுப்புள்ளியில் அடித்ததும், அல்லது தோட்டா சிக்கியதும், என்ன செய்வார்? "பார்த்தீர்களா!" என்றோ "இது என்ன ஆச்சு?" என்றோ உங்கள் பக்கம் திரும்புவார். கையில் இருப்பதும் கூடவே திரும்பும். பிஸ்டலில் மணிக்கட்டை ஒரு திருப்பு திருப்பினால் போதும், குழல் பக்கத்து ஆளைப் பார்க்கும். ரைஃபிளை மேசைமேல் தாங்கி வைத்து, தோளில் அணைத்து, கன்னத்தை ஒட்டிப் பிடித்திருக்கும்போது அப்படிச் சட்டென்று திருப்புவது கடினம், திருப்பத் தொடங்கினாலும் பக்கத்தில் நிற்கிற உங்களுக்குக் கையை நீட்டித் தடுக்க நேரம் கிடைக்கும். ரேஞ்சில் புதியவர்களோடு நான் பயப்படுகிற தருணம் இது ஒன்றுதான். அதனால்தான் யாரும் பின்னால் நின்று "இங்கே பாருங்க" என்று வீடியோ எடுக்கவே கூடாது என்பேன். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பாதுகாப்பு விதிகளை ரேஞ்சுக்குள் போய்ச் சொல்லலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். காதை மூடுகிற மஃப் போட்ட பிறகு எதுவும் ஏறாது, பக்கத்து லேனில் ஒருவர் சுட்டுக்கொண்டிருந்தால் மனசு அங்கேதான் இருக்கும். முந்தின நாள் வீட்டிலோ, ரேஞ்சின் வெளி அறையிலோ, அமைதியாக உட்கார்ந்து சொல்லுங்கள். விதிகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே நினைத்துக் கையாள வேண்டும், அழிக்க விரும்பாத எதன்மீதும் குழல் போகக் கூடாது, குறி இலக்கில் நிற்கும்வரை விரல் ட்ரிக்கருக்கு வெளியே, இலக்கும் அதன் பின்னால் இருப்பதும் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். நான்கையும் ஒரே மூச்சில் ஒப்பிக்க வைப்பதைவிட, குழல், விரல் இரண்டை மட்டும் எலும்பில் ஏறுகிற மாதிரி திரும்பத் திரும்பச் சொல்வது நல்லது. தவறி வெடிக்கிற ஒரு குண்டு ஒருவரைக் காயப்படுத்த அநேகமாக அந்த இரண்டும் ஒரே நேரத்தில் மீறப்பட வேண்டும், ஒன்று நின்றாலும் சுவரில் ஓட்டையோடு போய்விடும். விரலுக்குக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். திடுக்கிட்டாலோ தடுக்கினாலோ நம் கை தானாக மூடிக்கொள்ளும், அந்த நேரத்தில் விரல் ட்ரிக்கரில் இருந்தால் உங்கள் விருப்பத்தை யாரும் கேட்கப்போவதில்லை. காரணம் தெரிந்தவர் விதியை மறப்பது குறைவு.

துப்பாக்கி காலியா என்று பார்க்கிற வரிசையையும் அப்போதே செய்து காட்டுங்கள். முதலில் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்ற வேண்டும், அப்புறம்தான் தோட்டாவை உள்ளே தள்ளுகிற போல்ட்டைப் பின்னால் இழுக்க வேண்டும். மாற்றிச் செய்தால், இழுத்தபோது ஒரு தோட்டா வெளியே விழும், விட்டபோது மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே போய் உட்காரும், மேகசினைக் கழற்றிவிட்டுக் காலி என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். தோட்டா உட்காரும் இடமான சேம்பரைத் திறந்து கண்ணாலும் பார்த்து, சுண்டுவிரலாலும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கண்ணையும் அங்கேயே சோதித்துவிடலாம். இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் ஒரு சின்ன ஓட்டை விட்டு, இரண்டு கண்ணும் திறந்தபடி தூரத்தில் உள்ள ஒரு பொருளை அதன் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணை மூடும்போது பொருள் மறைந்தால், மூடிய கண்தான் ஆளும் கண். வலக்கைக்காரராக இருந்து இடது கண் ஆள்கிறதென்றால், சொல்லாமல் விட்டால் அவர் முதல் அரை மணி நேரம் தன்னையே திட்டிக்கொண்டிருப்பார். பிஸ்டலில் இது பெரிய பிரச்சினையே இல்லை, தலையைக் கொஞ்சம் திருப்பினால் சரி. ரைஃபிளில் என்ன செய்வது என்பதில் பயிற்சியாளர்களுக்குள் ஒருமித்த கருத்து கிடையாது. தோளையே மாற்று என்பவர்களும் உண்டு, ஆளும் கண்ணை மறைத்துக்கொண்டு பழகிய தோளிலேயே சுடு என்பவர்களும் உண்டு. எந்தப் பழக்கமும் இன்னும் வராத ஆளாக இருப்பதால், முதல் நாளில் தோளை மாற்றிப் பார்க்கச் சொல்வது என் வழக்கம், அசௌகரியமாக இருக்கிறது என்றால் வற்புறுத்த மாட்டேன். ஹங்கேரியின் பிஸ்டல் வீரர் காரோலி டகாச்சுக்கு 1938-இல் கையெறி குண்டு வெடித்து வலது கை சிதைந்துபோனது. இடது கையில் பழகி 1948, 1952 இரண்டு ஒலிம்பிக்கிலும் பிஸ்டலில் தங்கம் வாங்கினார். பக்கம் மாறிப் பழகுவது நடக்காத காரியமில்லை.

காது விஷயத்தில் கஞ்சத்தனமே வேண்டாம். .22 ரைஃபிளே சுமார் 140 டெசிபலைத் தொடும், திடீர் சத்தத்துக்கு அதுதான் எல்லை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பிஸ்டல்கள், அதுவும் மூடிய ரேஞ்சில், 150-ஐத் தாண்டிவிடும். இப்படிப் போன கேட்கும் திறன் திரும்ப வராது. நுரை இயர்பிளக்கும் அதன்மேல் மஃபும் இரண்டும் போடச் சொல்லுங்கள். இரண்டின் அளவையும் அப்படியே கூட்டிக்கொள்ளக் கூடாது, இரண்டில் அதிகமாகத் தடுப்பதற்குமேல் ஐந்து டெசிபல் போலத்தான் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் புதியவருக்கு அந்த ஐந்தே பெரிய வித்தியாசம், ஏனென்றால் ஃப்ளிஞ்சில் பாதிக்குமேல் சத்தத்தால் வருவது என்பது என் அனுபவம். பிளக்கை உருட்டி மெல்லியதாக்கி, காதை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட வேண்டும். பாதிப் பேர் அதை வெளியே ஒட்டவைத்துக்கொண்டு நிற்பார்கள். கண்ணாடி கட்டாயம். கழுத்து மூடிய சட்டை, மூடிய காலணி. தெறித்து வருகிற சூடான வெற்றுத் தோட்டா சட்டைக்குள் விழுந்தால் துப்பாக்கியோடு குதிக்கத்தான் தோன்றும், ஆகவே "உள்ளே விழுந்தால் சுடும், சுடட்டும், முதலில் துப்பாக்கியைக் கீழே வை" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

நடத்துகிற முறைக்கு வருகிறேன். மூன்று பேரில் ஒருவர் மட்டும் சுடும் கோட்டில், மற்ற இருவரும் பின்னால். அன்றைக்கு நீங்கள் சுடக் கூடாது, ஒரு ரவுண்டுகூட. உங்கள் கவனம் முழுவதும் அவருடைய கையிலும் குழலிலும் இருக்க வேண்டும், இலக்கில் அல்ல. ரேஞ்ச் ஆபீசரிடம் புதியவர்கள் என்று முதலிலேயே சொல்லி, முடிந்தால் ஓர லேனைக் கேளுங்கள். "நிறுத்து" என்று யார் கத்தினாலும், கத்தியவர் நேற்றுத்தான் சேர்ந்தவராக இருந்தாலும், உடனே விரலை எடுத்துத் துப்பாக்கியை வைத்துவிட்டுப் பின்வாங்க வேண்டும், ஆட்கள் இலக்கின் பக்கம் போயிருக்கும்போது காலித் துப்பாக்கியைக்கூடத் தொடக் கூடாது என்பதைச் சொல்லிவிடுங்கள். லேன் எண்ணையும் இலக்கின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பழக்குங்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கத்துக்குப் பக்கத்தில் இருந்த அமெரிக்க ரைஃபிள் வீரர் மேத்யூ எம்மன்ஸ் கடைசிக் குண்டைப் பக்கத்து லேன் இலக்கில் சுட்டு எட்டாம் இடத்துக்குப் போனார், அவருக்கே நடந்தது என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்.

உட்கார்ந்து, ரைஃபிளைத் தாங்கியில் வைத்துத் தொடங்கட்டும். .22 என்றால் இலக்கு பக்கத்தில், பெரிய தாளாக இருக்கட்டும். வட்டம் போட்ட தாளைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பொட்டு ஒட்டிவிடுவது எனக்குப் பிடிக்கும், புள்ளி எண்ணுகிற ஆசை வராது. திறந்த சைட் (குழல்மேல் முன்னும் பின்னும் உள்ள குறிபார்க்கும் முனைகள்) என்றால் முன் சைட் தெளிவாகத் தெரிய வேண்டும், இலக்கு மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை, கண்ணால் ஒரே நேரத்தில் ஒரு தூரத்தில்தான் குவிய முடியும். இதன் காரணத்தைக் கணக்காகச் சொன்னால் பலருக்குப் பிடிபடுகிறது. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 15 செ.மீ. உள்ள பிஸ்டலில், முன் சைட் 1 மி.மீ. விலகினால் 10 மீட்டரில் குண்டு 6.5 செ.மீ.க்கு மேல் விலகிப் போகும். ஆனால் சைட்டுகள் சரியாக நேர்கோட்டில் இருந்து, கை மொத்தமாக 1 செ.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால், இலக்கிலும் 1 செ.மீ.தான் நகரும். கை ஆடுகிறதே என்று பதறுபவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ஆட்டம் எல்லோருக்கும் உண்டு, அது நிற்கும் என்று காத்திருந்து, புள்ளியைத் தொட்ட கணத்தில் வெடுக்கென்று ட்ரிக்கரை இழுப்பதுதான் கெடுக்கும். ஆடுகிறபடியே ஆடட்டும், விரல் மட்டும் மெதுவாக, ஒரே சீராக அழுத்திக்கொண்டே போகட்டும், வெடித்த பிறகும் ஒரு நொடி அப்படியே பிடித்திருக்கட்டும்.

தோட்டா இல்லாமல் சில தடவை அழுத்திப் பழகிவிட்டு அப்புறம் சுடலாம். ஆனால் துப்பாக்கியைப் பொறுத்துக் கவனம் வேண்டும். சில .22-களில் காலியாக விட்டால் தோட்டாவை அடிக்கிற ஊசி சேம்பரின் விளிம்பில் அடித்துக் கெடுக்கும், ஸ்பிரிங் ஏர் ரைஃபிளைப் பெல்லட் இல்லாமல் விட்டால் பிஸ்டன் மோதிக் கெடும். போட்டிக்கான ஏர் ரைஃபிள்கள் பலவற்றில் இதற்கென்றே தனி ஏற்பாடு இருக்கும். எதுவென்று தெரியாவிட்டால் ரேஞ்சில் கேட்டு, பயிற்சிக்கான போலித் தோட்டா போடுங்கள். அடுத்து, ஒரே ஒரு தோட்டா. சுட்டதும் வைத்துவிட்டு மூச்சு விடச் சொல்லி முகத்தைப் பாருங்கள். சிரிப்பு வந்திருந்தால் தொடரலாம், உதடு இறுகியிருந்தால் கொஞ்சம் இடைவெளி கொடுங்கள். பத்துப் பன்னிரண்டு ஒற்றைத் தோட்டாக்களுக்குப் பிறகுதான் ஐந்து ஐந்தாக ஏற்றுவேன். இடையில் போலித் தோட்டாவை அவருக்குத் தெரியாமல் கலந்து ஏற்றிக் கொடுத்தால், வெடிக்காத அந்தத் தடவையில் குழல் எவ்வளவு குதிக்கிறது என்று அவரே பார்த்துவிடுவார், நீங்கள் வாய் திறக்கவே வேண்டாம். ஆளுக்கு முப்பது நாற்பது குண்டு தாராளம். குறி சிதறத் தொடங்கினால் கை களைத்துவிட்டது என்று அர்த்தம், நன்றாக அடித்த ஒரு வரிசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெடிக்கவில்லை என்றால், குழலை இலக்கை நோக்கியே வைத்து முப்பது நொடி காத்திருந்துவிட்டுத் திறக்க வேண்டும், தாமதமாக வெடிப்பது அபூர்வம் என்றாலும் நடக்கக்கூடியது. வழக்கத்தைவிடச் சத்தம் குறைந்து "புஸ்" என்று போனால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம், அதன்மேல் இன்னொன்றைச் சுட்டால் குழலே வெடிக்கலாம். இந்த இரண்டையும் அவர்கள் கையாள வேண்டியதில்லை, குழலை அசைக்காமல் உங்களைக் கூப்பிட்டால் போதும்.

முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையையும் முகத்தையும் கழுவிவிட்டுத்தான் எதையும் சாப்பிட வேண்டும், ரேஞ்சுக்குள் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பது நல்லது. குண்டிலும், பெரும்பாலான தோட்டாக்களின் பிரைமரிலும் (மருந்தைப் பற்றவைக்கிற பகுதி) ஈயம் இருக்கிறது, அது நிச்சயம். குளிர்ந்த நீரில்தான் கழுவ வேண்டும், வெந்நீர் தோலைத் திறந்து ஈயத்தை உள்ளே விடும் என்று சிலர் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, சோப்புப் போட்டு நன்றாகத் தேய்ப்பதுதான் முக்கியம். கர்ப்பமாக இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வர வேண்டாம்.

இன்னும் சில விஷயங்களில் ஆளுக்கொன்று சொல்வார்கள். இரண்டு கண்ணும் திறந்து சுடுவதே சரி என்பார்கள், நீண்ட காலத்துக்கு அது நல்லதுதான், கண் சீக்கிரம் களைக்காது. முதல் நாளில் ஒரு கண்ணை மூடினால்தான் தெரிகிறது என்றால் மூடட்டும். மூச்சை முழுதாக விட்டு நிறுத்துவதா, பாதியில் நிறுத்துவதா என்பதும் அப்படியே. பத்து நொடிக்குமேல் பிடித்து வைத்தால் பார்வை மங்கத் தொடங்கும், அதற்குள் சுட முடியாவிட்டால் இறக்கிவிட்டு மறுபடி ஏந்தலாம், அது மட்டும் போதும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. முடிந்தால் உங்கள் மனைவிக்கு ரேஞ்சின் பயிற்சியாளரைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். கணவன் "மூக்கைச் சுளிக்காதே, கையை நேராக வை" என்று சொன்னால் அது எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும், வேற்று ஆள் சொன்னால் அதே வார்த்தை பாடமாக இருக்கும். வேண்டாம் என்று அவர் சொன்னால் விட்டுவிடுங்கள், பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு அடுத்த முறை தானாகக் கேட்பவர்கள் நிறைய. புதியவர் கையில் பெரிய துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு அது எகிறுவதைப் பார்த்துச் சிரிக்கிற கூட்டம் ஒன்று எல்லா ரேஞ்சிலும் இருக்கிறது, அவர்கள் பக்கம் கூட்டிப் போகவே வேண்டாம். மைத்துனர் கடைசியில் 9 மி.மீ.யை ஒருமுறையாவது பார்த்தே தீருவேன் என்று நின்றால், .22-இல் அவர் குழலையும் விரலையும் ஒழுங்காக வைத்திருந்தார் என்றால் மட்டும் கொடுங்கள். இடது கட்டைவிரல் ஸ்லைடுக்குப் (சுடும்போது முன்பின் நகர்கிற மேல்பாகம்) பின்னால் போகாமல் பிடியை நீங்களே சரிசெய்யுங்கள், போனால் ஸ்லைடு பின்னால் வரும்போது தோலைக் கிழித்துவிடும். மேகசினில் ஒரே ஒரு தோட்டா போடுங்கள். உதையில் கை எகிறும்போது விரல் தன்னையறியாமல் இன்னொரு தடவை அழுத்திவிடுவது புதியவர்களுக்கு நடக்கும், அந்த இரண்டாவது குண்டு போகிற திசை கூரையாகத்தான் இருக்கும்.